ஐயாயிரம் அடிக்குக் கீழே ஒரு வழி

டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் ஒரு டெலிபோன் கருவி கம்பெனியில் நான் டெஸ்ட் இன்ஜினியராக இருந்தேன். எந்தச் சாமான் எங்கே, எப்போது உடையும் என்று உடைவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கியிருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரியவேண்டுமே என்று சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அக்டோபரில் என் மனைவியின் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். அவளுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே வந்தது. வயது முப்பத்தைந்து. ஒரு வருஷமாக மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் நடமாட்டம். இனி குணமாகாது என்பதை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. நான் காலையில் கிளம்பிப் போனால், ஆக்சிஜன் மெஷினின் உறுமலைக் கேட்டுக்கொண்டு சாயங்காலம்வரை அவள் தனியாகக் கிடக்க வேண்டும். அக்கா ஃப்ரீமாண்ட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தார். தங்கை வந்ததும் கூடவே இருக்க வேண்டும் என்று ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். "அக்கா பக்கத்துல படுத்துக்கிட்டு எதையாவது பேசிட்டே இருக்கணும்ங்க. அவ்வளவுதான் எனக்கு" என்பாள் என் மனைவி.

விமானம் கூடாது என்றார் டாக்டர். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடுமாம். மலைக்கும் அதே கதைதான், ஐயாயிரம் அடிக்கு மேல் எங்கேயும் போகக்கூடாது. ஆக்சிஜனோடு, அங்கங்கே படுத்து எழுந்து, ரோட்டில் மெதுவாகப் போகலாம். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். போவதானால் சீக்கிரம் போய்விடுங்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. அதில் எண் எதுவும் இல்லையே.

எதிர்வீட்டில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு ட்ராவல் ட்ரெய்லர் இருந்தது. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற இருபத்திரண்டடி வீடு அது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. மோட்டல் அறைகளின் சிகரெட் வாடையும் பினாயில் நெடியும் அவளுக்கு ஆகாது, உடனே இருமல் பிடித்துக்கொள்ளும். ட்ரெய்லர் என்றால் ரசத்துக்குச் சோற்றைக் குழைய வடித்துக்கொள்ளலாம், நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்கலாம், ராத்தங்கும் கேம்ப் மைதானத்தில் கரண்ட் இழுத்து மெஷினை ஓட்டலாம். விஷயத்தைக் கேட்டதும் அவர் ட்ரெய்லரையும் அதை இழுக்கத் தன் பிக்கப்பையும் சேர்த்தே கொடுத்தார். வாடகை பேச்சை எடுத்தபோது கோபித்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் வழியைத் திட்டமிடுவதில் இறங்கினேன். சாப்பாட்டு மேசை முழுக்க மேப். கிட்டத்து வழி வடக்கே இருந்தது, ஆனால் அதில் ஃப்ளாக்ஸ்டாஃப் ஏழாயிரம் அடி. சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தெற்கே எல் பாசோ, டூசான் வழியாகப் போனால் எங்குமே ஐயாயிரத்தைத் தொடவில்லை. டூசானுக்கு முன்னால் ஓர் இடம் மட்டும் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. எவ்வளவு கீழே என்று கேட்டு அந்த மாநிலத்து ரோட்டு இலாகாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். மேற்கு டெக்சாஸில் பக்கவாட்டுக் காற்று ட்ரெய்லரை வாலாட்ட வைக்கும், ஆகவே காற்று குறைந்த காலை நேரத்தில் மட்டும் ஓட்டுவது. பெட்ரோல் பங்க்கில் நேராக நுழைந்து நேராக வெளியேற இடம் வேண்டும், இல்லாவிட்டால் ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு பங்க்குக்கும் போன் போட்டு லாரி நுழையுமா என்று கேட்டேன். ஆறு நாள் பயணம், நாளுக்கு ஐந்து மணி நேரம்.

விஷயம் தெரிந்ததும் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? எல் பாசோவில் எங்க சித்தப்பா பையனோட ரூம்மேட், டூசானில் எங்க ஓரகத்தியோட தம்பி என்று ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார்கள். போகிற வழியில் தெரிந்தவர் வீடு இருந்து, நுழையாமல் போனால் மரியாதை இல்லையாம். நான் அந்த முகம் தெரியாதவர்களுக்கும் போன் செய்து, உங்கள் தெரு முட்டுச்சந்தா, ட்ரெய்லர் திரும்ப இடமிருக்குமா என்று விசாரித்தேன்.

"பாவங்க அவங்க. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா, தெருவை அளந்து சொல்லுங்கறீங்க" என்று சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். ஆனாலும் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஸ்கூல் பார்க்கிங் லாட்டில் ரிவர்ஸ் பழகினேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். என் மூளைக்கு அது கடைசிவரை ஏறவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையாட்டுவாள். ஒருநாள் விளக்குக் கம்பத்தை இடிக்கப் போய், பிரேக்கை மிதித்து, இறங்கி அவளையே திட்டினேன்.

"ஒழுங்கா சொல்ல மாட்டியா? கை எந்தப் பக்கம் ஆட்டற?"

"நான் சரியாத்தாங்க ஆட்டினேன். நீங்க என்னைப் பார்க்கவே இல்ல" என்றாள்.

நவம்பர் கடைசியில் நான்கு பக்கப் பிளான் தயார். அக்காவின் ஆபீஸுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். டிசம்பர் ஐந்தாம் தேதி கிளம்புவது. எதிர்வீட்டுக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு, நாற்பது வருஷம் லாரி ஓட்டியும் தான் இப்படி ஒரு காகிதத்தைக் கண்டதில்லை என்றார். அத்தோடு, இதில் பாதி போதும், நாளைக்கே கிளம்பு என்றார். பாராட்டு மட்டும் என் காதில் விழுந்தது.

ஐந்தாம் தேதி கிளம்பவில்லை. ட்ரெய்லர் டயருக்கு ஆறு வயது ஆகியிருந்ததைப் பார்த்தேன், நான்கையும் மாற்றச் சொன்னேன். அது முடிந்து ஒன்பதாம் தேதி என்றால் மேற்கே பலத்த காற்று என்று செய்தி வந்தது. பன்னிரண்டு என்றேன். அதற்குள் ஈரோட்டிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"பன்னண்டுல கிளம்பினா வழியிலயே மார்கழி பொறந்துரும்டா. மார்கழியில யாராச்சும் வீடு மாத்துவாங்களா? அதும் ஒடம்பு முடியாத புள்ளைய வச்சுக்கிட்டு. தை பொறக்கட்டும்."

"அம்மா வேண்டாங்கறாங்க. எதுக்கு ரிஸ்க்? தையில போலாம்" என்று என் மனைவியிடம் சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ராகு காலத்துலயே இன்டர்வியூக்குப் போயிட்டு வந்தவராச்சே நீங்க" என்றாள். நான் மேப்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மார்கழியிலும் நம்பிக்கை இல்லை, தையிலும் இல்லை. எனக்குப் பயம். மேற்கு டெக்சாஸில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஆஸ்பத்திரி கண்ணில் படாத ஒரு நீளம் இருக்கிறது. அங்கே அவளுக்கு மூச்சு நின்றுபோனால்? பின்னால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, அதைத் திருப்பக்கூடத் தெரியாமல், பொட்டல் காட்டு ஓரத்தில் அவளை வைத்துக்கொண்டு நான் தனியாக நிற்க வேண்டுமே. மேப்பை எடுத்த முதல் நாளிலிருந்தே இந்தப் படம் என் கண்முன் இருந்தது. அவள் அக்கா வீட்டில் சாகட்டும், ஆஸ்பத்திரியில் சாகட்டும், என்னிடம் தனியாக மட்டும் செத்துவிடக்கூடாது. கேவலந்தான். ஆனால் அதுதான் நிஜம். அந்தப் பயத்தை வெளியே சொல்லத் தைரியம் இல்லாமல் டயர் என்றேன், காற்று என்றேன். கடைசியில் அம்மா ஒரு மாசத்தையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டாள்.

அக்காவுக்குப் போன் செய்து தை ஐந்தாம் நாள் கிளம்புகிறோம் என்றேன். "நீங்க பார்த்து செய்ங்க தம்பி. நான் லீவைத் தள்ளி வச்சுக்கறேன்" என்றார்.

மார்கழி பூராவும் அவள் தேய்ந்தாள். நிமிஷத்துக்கு மூன்று லிட்டராக இருந்த ஆக்சிஜன் நான்காகி, கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஐந்தாயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிலிண்டர் கணக்கைத் திருத்தி எழுதினேன். சிலிண்டர் மாற்றும் ஊர்களை மாற்றிப் புதிய பிரதி எடுத்தேன். பக்கத்து அறையில் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை கடைசி செக்கப்புக்காக டாக்டரிடம் போனோம். இப்போது ஐயாயிரம் அடியெல்லாம் தாங்காது, மூவாயிரமே அதிகம் என்றார். வீட்டுக்கு வந்ததும் மேப்பை விரித்தேன். எல் பாசோவே மூவாயிரத்துக்கு மேல். வடக்கே போனாலும் தெற்கே போனாலும், டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மூவாயிரம் அடிக்குக் கீழே வழியே கிடையாது. அக்டோபரில் இருந்த வழி ஜனவரியில் இல்லை. ரோடு அங்கேயேதான் இருந்தது.

அவள் கட்டிலிலிருந்து கேட்டாள். "வேற வழி இருக்காங்க?"

"பார்க்கறேன்" என்றேன்.

"சரி, பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

புதன்கிழமை காலையில் அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயை இறக்கி மெஷினில் போட்டார்கள். அப்போதுதான் அக்காவுக்குப் போன் செய்தேன். அடுத்த விமானம் பிடித்து அன்று சாயங்காலமே வந்துவிட்டார். பறந்து வர நாலு மணி நேரங்கூட ஆகவில்லை. நான் ஆறு நாள் போட்டிருந்தேன்.

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வயசுக் கதைகளை ஓயாமல் பேசினார். அவளால் பதில் பேச முடியாது. மயக்க மருந்தில் கண்ணும் திறக்கவில்லை. காதில் விழுகிறதா என்று அக்கா நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். விழலாம் என்றார் நர்ஸ். சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

எரியூட்டிவிட்டு வந்த மறுநாள் காலை அக்கா எங்கள் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எனக்குப் பயம், அதனால்தான் கிளம்பவில்லை, மார்கழி எல்லாம் சாக்கு என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவளுக்குத் தெரியும் தம்பி" என்றார். "டிசம்பர்லயே எனக்குப் போன் பண்ணினா. இவர் கிளம்ப மாட்டாருக்கா, பயப்படறாரு, நான் கேட்டா மனசு கஷ்டப்படுவாரு, நீயே பிளைட்ட பிடிச்சு வந்துருன்னா. ரெண்டு தடவை கேட்டா."

 நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"நான்தான் சிரிச்சுட்டேன். ஏன்டி, உன் புருஷன் எந்த ஊர்ல எத்தனை மணிக்கு டீன்னுகூட எழுதி அனுப்பியிருக்காரு, இவ்வளவு பண்ணவரு கிளம்பாம இருப்பாரான்னு கேட்டேன். நீ இங்க வந்ததுக்கப்புறம் லீவு எடுக்கறேன், இப்பவே எடுத்துட்டா அப்புறம் உன்கூட இருக்க முடியாதுன்னேன். சரிக்கான்னு சொல்லிட்டா."

அடுப்பை அணைத்தார். இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏழு வாரம் லீவு அப்படியே இருக்கு தம்பி. அதை வச்சு இனி நான் என்ன பண்றது?"