மயக்கத்துக்கு ஒரு எண்

கண்ணாடி அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். அவரிடம் எப்போதும் இரண்டு கண்ணாடி இருக்கும். மூக்கில் இருப்பது டாக்டர்களின் கையெழுத்துக்கு, தலைமேல் இருப்பது மற்ற எல்லாவற்றுக்கும். மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எனக்கு எதிர் மேசை அவருடையது. நடுவில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கமே திரும்பி நிற்கும். கேட்டால், உனக்குத்தான் வாய் இருக்கே, அதிலேயே காத்து வருமே என்பார்.

எங்கள் வேலையை விளக்க ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். டாக்டர் நோயின் பெயரை எழுதுவார். நோய்களையெல்லாம் வகைப்படுத்தி வைத்திருக்கும் தடிப் புத்தகத்தில் அதற்கு என்ன எண் என்று பார்த்து நாங்கள் போட வேண்டும். ஒரே தாளுக்கு நானும் அக்காவும் தனித்தனியாக எண் போடுவோம். நோயாளியின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் தாள் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் அந்தத் துறை டாக்டரைக் கேட்க வேண்டும். இந்தச் சொல்லை எழுதும்போது என்ன நோயை நினைத்தீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

அதுதான் மண்டை காயும் வேலை. டாக்டர்கள் பிடி கொடுக்கவே மாட்டார்கள். அக்கா விடாக்கண்டி. எலும்பு டாக்டரைக் கார் கதவைத் திறக்கும்போது பிடிப்பார். இதய டாக்டரை லிஃப்டுக்குள் பிடிப்பார், மேலே போய்ச் சேருவதற்குள் மூன்று சொல்லுக்கு முடிவு வாங்கிவிடுவார். கண் டாக்டர் ஒருவர் அக்காவின் தலை தெரிந்தாலே வேறு படிக்கட்டில் இறங்குவார். கணவர் இறந்த பிறகு ஒரே மகளை வளர்த்து ஆளாக்கியது இந்தப் பிடிவாதம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நரம்பு டாக்டரிடம் மட்டும் அவர் தாளோடு போனதே இல்லை. அது எனக்கு வெகு நாள் உறைக்கவில்லை.

ஒரு நாள் மருந்துக் கிடங்குக்காரர் எங்கள் அறைக்குள் வந்து நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வலிப்பு மாத்திரையின் ஒதுக்கீட்டை வரும் ஆண்டிலிருந்து கால்வாசியாகக் குறைக்கப்போகிறார்களாம். ஏனென்றால் எங்கள் கணக்குப்படி இந்த மருத்துவமனைக்கு வலிப்பு நோயாளிகளே அனேகமாக வருவதில்லை. அப்படியானால் மாதா மாதம் இந்த மாத்திரையை யார் தின்று தீர்க்கிறார்கள், பேயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. நரம்புப் பிரிவின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். கை கால் வெட்டி இழுத்தது, நாக்கில் கடி, எழுந்த பின் குழப்பம். கீழே நோயின் பெயர்: மயக்கம். மாத்திரை மட்டும் வலிப்பு மாத்திரை. இப்படி ஒன்றா இரண்டா, கட்டுக் கட்டாக! எல்லாவற்றிலும் அக்கா மயக்கத்தின் எண்ணைப் போட்டிருந்தார், ஆர் ஐம்பத்தைந்து. நான் போட்டது வலிப்பின் எண், ஜி நாற்பது. ஒத்துப்போகாத அந்தத் தாள்களை அவர் டாக்டரிடம் கொண்டுபோகாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்.

கேட்டேன். டாக்டர் எழுதிய சொல்லுக்குத்தான் எண், நோயைக் கண்டுபிடிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கட்டைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

நரம்பு டாக்டருக்கு 'மெதுவா டாக்டர்' என்று பெயர். எல்லாவற்றுக்கும் மெதுவா, மெதுவா என்பார். அன்று தாள்களையும் மெதுவாகத்தான் புரட்டினார். பிறகு மூடி வைத்தார்.

"எல்லாமே வலிப்புதான். தெரிஞ்சேதான் மயக்கம்னு எழுதினேன்."

காரணம் சொன்னார். வலிப்பு என்று எழுதினால் பள்ளியில் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கிறார்கள், வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகிறார்கள். பெற்றவர்கள் வந்து கெஞ்சினார்கள். மாத்திரை சரியாக இருந்தால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்தாராம். அந்தப் பெயரை எண்ணித்தான் மாத்திரை அனுப்புகிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அதைக் கேட்டபோது அவர்மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மாற்றினால் அடுத்த மருந்துச் சீட்டிலிருந்து எல்லோருக்கும் வலிப்பு என்றே அச்சாகும் என்றேன். தலையாட்டினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"மாத்திடட்டுமாம்மா?"

இவ்வளவு பெரிய டாக்டர் ஒரு குமாஸ்தாவிடம் எதற்கு அனுமதி கேட்கிறார்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்கா இரண்டு கண்ணாடியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாத்திடுங்க டாக்டர்."

நடைபாதைக்கு வந்ததும் அக்கா சுவரோரம் நின்று சொன்னார். அந்தத் தாள்களில் அவர் மகளுடையதும் இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது வந்தது. மயக்கம் என்று எழுதச் சொல்லி டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது அவர்தான். மாத்திரையைப் பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு, சத்து மாத்திரை என்று கொடுத்து வருகிறார்.

"அவளுக்கே தெரியாதுடி. இப்ப ஸ்கூட்டர் வேற வாங்கியிருக்கா. வேணாம்னு சொல்ல ஒரு காரணம் கிடைக்கலை எனக்கு. நீயும் வீட்டுக்கு வா. தனியா போனா சொல்லாம விட்டுடுவேன்."

போனேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது, இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைப்பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாவி அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று வரீங்களா அக்கா என்று என்னைக் கேட்டாள்.

"உனக்கு வர்றது மயக்கம் இல்லடி," என்றார் அக்கா, நின்றபடியே.

"அப்புறம்?"

"ஜி நாற்பது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்ற மகளிடம்கூட எண்ணைத்தான் சொல்ல வந்தது இந்த மனுஷிக்கு.

மகள் என்னைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். "பேரைச் சொல்லும்மா."

"வலிப்பு."

கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. கைப்பையைத் திறந்து கை நிறைய மிட்டாயை எடுத்து மேசையில் போட்டாள். மயக்கம் வரும்போல இருந்தால் வாயில் போட்டுக்கொள் என்று அம்மா சொல்லிக் கொடுத்தவை. எப்போதும் பையில் வைத்திருப்பாளாம். பக்கத்தில் ஸ்கூட்டர் சாவியையும் வைத்தாள்.

"அப்ப அந்தச் சத்து மாத்திரை?"

"அதுக்குத்தான்."

"முந்தியே சொல்லியிருக்கலாம்ல? சத்து மாத்திரைதானேன்னு வாரத்துல பாதி நாள் முழுங்கவே இல்லம்மா. சாக்கடையில போட்டுடுவேன்."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. மகள் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள், ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினாள், அதன் பெயர் என்ன என்று கேட்டாள். அக்கா சொன்னார். அவள் ஒருமுறை அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனாள்.