ஆம்புலன்ஸுக்கும் சைக்கிளுக்கும் ஒரே கருவி

1. வழி தவறிய மதியம்

"மணியம், எங்கய்யா இருக்க?"

வாக்கிடாக்கியில் தோட்ட மேனேஜர் பெரிய துரை கேட்டார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு! முன்னால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை, பின்னால் செம்பனை, இரண்டு பக்கமும் செம்பனை. எங்கள் தோட்ட ஆம்புலன்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே எங்கேயோ கால் முறிந்த ஆள் ஒருவர் எனக்காகக் காத்துக் கிடந்தார்.

மலேசியாவில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய ரோட்டில் உள்ளே திரும்பினால் எங்கள் தோட்டம். ரப்பர் இருந்த காலத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிவிடுவேன் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொள்வேன். அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். வேலைக்காரர்கள் குடியிருந்த பழைய லயங்கள் போயின. மேடுகளை வெட்டிப் புது ரோடுகள் போட்டார்கள். எந்தச் சந்தில் திரும்பினாலும் போன சந்து மாதிரியே இருந்தது. ஆபீஸ் சுவரில் தொங்கிய மேப்போ ரப்பர் காலத்தது.

ஒரு வழியாக ஆளைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். கிள்ளான் பக்கத்துத் தமிழர், நல்ல மனுஷன், ஆனால் வார்த்தை சுருக்கென்றிருக்கும்.

"இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா வண்டிய வித்துடுவேன். டவுன்ல ஒரு கம்பெனிகிட்ட கொடுத்துடலாம். கூப்பிட்டா வருவான்."

"டவுன்லருந்து வர்றதுக்குள்ள ஆளு போயிடுவான், துரை."

"நீ மட்டும் சீக்கிரமாவா போன?"

என் வேலை போவது இருக்கட்டும், டிரைவருக்கு எங்கேயும் லாரி கிடைக்கும். ஆனால் ஆயிரம் பேர் இருக்கிற தோட்டத்தில் அவசரத்துக்கு ஒரு வண்டி இல்லை என்றால் எப்படி? அன்று எனக்கு வந்த கோபம் சாப்பாட்டில் கை வைக்க விடவில்லை.

2. மூன்று பெட்டிகள்

யோசனை சொன்னது பாக்கியம் மிசி. தோட்டத்து நர்ஸை நாங்கள் மிசி என்றுதான் கூப்பிடுவோம். மழை பெய்து ரோடு சேறானால் வண்டி ஒரு எல்லைக்கு மேல் போகாது. அதற்காகவே பின்னால் ஒரு சைக்கிளைக் கட்டி வைத்திருப்போம். மிசி மருந்துப் பையை மாட்டிக்கொண்டு அதில் ஏறிப் போய்விடுவார். அந்த மாதிரி ஓட்ட எனக்கும் வராது.

"அண்ணே, சேட்டலைட் பாத்து வழி சொல்ற சாமான் வந்துருக்காம்லா. கப்பல்காரங்க வச்சிருக்காங்களாம். துரைகிட்ட கேட்டுப் பாப்போமா?"

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஜி.பி.எஸ். என்ற பெயரே எங்களுக்குப் புதிது. துரைக்குப் புதுச் சாமான் என்றால் கொஞ்சம் ஆசை உண்டு. சிரம்பான் கடை ஒன்றிலிருந்து சீன இளைஞர் ஒருவர் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார்.

முதல் பெட்டியைப் பார்த்ததும் துரை மயங்கிவிட்டார். பெரிய திரை, அதில் மேப். டேஷ்போர்டில் திருகி, சிகரெட் லைட்டரில் செருக வேண்டும். கோலாலம்பூர் போகும் ஹைவே அழகாகத் தெரிந்தது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் திரை துடைத்துவிட்ட சிலேட்டுதான்.

"இத சைக்கிள்ல மாட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"சைக்கிளா?" இளைஞர் சிரித்தார். "அங்கிள், இது கார் மாடல் லா."

"அப்ப எடுத்து வைங்க."

இரண்டாவது ஒல்லியாக, பளபளவென்று இருந்தது. மூன்றாவது சோப்புக்கட்டி மாதிரி தடிமன். ஆறேழு பட்டன், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். மேப் கிடையாது. நாம் போய் நிற்கிற இடத்துக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கலாம். பிறகு அந்தப் பெயரைத் தட்டினால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ஓர் அம்புக்குறி காட்டும். அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த முறையில் சோதித்தேன். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினேன். "ஜாங்ஙான், அங்கிள், ஜாங்ஙான்!" என்று அந்தப் பையன் மலாயில் வேண்டாம் வேண்டாமென்று கெஞ்சினார். எங்கள் ஊர் மழையிடம் யார் கெஞ்சுவது? ஊற்றினேன். இரண்டும் பிழைத்தன. பிறகு பழைய சைக்கிள் டியூபால் இரண்டையும் ஹேண்டில்பாரில் கட்டி, மிசியைச் செம்மண் ரோட்டில் ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது ஒல்லி செத்திருந்தது. குலுக்கலில் உள்ளே பேட்டரி துள்ளி, தானாகவே அணைந்துவிட்டது. சோப்புக்கட்டி அம்புக்குறியோடு ஜம்மென்று இருந்தது. அது தின்பதோ எங்கள் தோட்டத்து மளிகைக் கடையிலேயே கிடைக்கும் பென்சில் பேட்டரி. வேறென்ன வேண்டும்?

"இதான் துரை!"

துரை அதை வாங்கி ஆபீஸ் வாசலில் வெட்டவெளியில் கிடந்த மேசைமேல் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இடத்தைக் காட்டும் எண்கள் மாறின.

"என்னய்யா இது, மேசமேல இருக்குறது நடந்து போவுது?"

கடைக்காரப் பையன் அசடு வழிந்தார். எல்லாக் கருவியும் அப்படித்தானாம். சேட்டலைட்டுக்குச் சொந்தக்காரர்கள் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகத்தான் கொடுக்கிறார்களாம். நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டலாமாம்.

"நூறு மீட்டரா! செம்பனைக்குள்ள நூறு மீட்டர்னா ஆளு அம்புட்டுதான். எல்லாத்தையும் கட்டிக்கிட்டுப் போ தம்பி."

அப்போது மிசிதான் பேசினார்.

"துரை, நூறு மீட்டருக்குள்ள போயிட்டா சத்தம் கேக்கும்ல?"

"செம்பனைக்குள்ள கூப்புட்டா பத்து மரம் தாண்டாது மிசி."

"வாயால கூப்புட்டா தாண்டாது. தள்ளுவண்டிய அடிச்சா?"

பழம் வெட்டுகிற ஒவ்வொருவரிடமும் குலை ஏற்ற ஓர் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இருக்கும். முழுக்க இரும்புத் தகடு. குலை விழுந்தாலே டமார் என்று நாலு ரோட்டுக்குக் கேட்கும். நான் அங்கேயே குதித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

துரை கருவியை மறுபடி கையில் எடுத்தார். "சரி. வாங்கித் தர்றேன். ஆனா நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த தடவ லேட்டானா வண்டி போயிடும்."

3. பிளாட்பாரம் முப்பத்தேழு

வெட்டிய குலைகளை லாரிக்காக அடுக்கி வைக்கும் இடத்தைப் பிளாட்பாரம் என்போம். ரோட்டோரத்தில் கொஞ்சம் திறந்தவெளியாக இருக்கும். சேட்டலைட்டுக்கு வானம் தெரிந்தாக வேண்டும். மரத்தடியில் கருவி முழிக்கும். அதனால் பிளாட்பாரங்களுக்கே பெயிண்டில் நம்பர் போட்டோம். வண்டி போகிற இடத்துக்கு வண்டியில், போகாத இடத்துக்கு மிசி சைக்கிளில். ஒவ்வொன்றிலும் நின்று அதே நம்பரைக் கருவியில் சேமித்தோம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் துரையே எல்லாருக்கும் சொன்னார்: அடிபட்டால் பிளாட்பார நம்பரைச் சொல்லு; ஆள் வந்து சேரும்வரை தள்ளுவண்டியை அடி, நிறுத்தாதே.

"மணியண்ணே, கல்யாணத்துக்கு மேளமும் நாங்களே அடிக்கணுமா?" என்று ராஜு என்கிற வெட்டுக்காரன் கிண்டலடித்தான். கூட்டமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

கொஞ்ச நாளில் அதே ராஜுவைத்தான் பாம்பு கடித்தது.

காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. வாக்கிடாக்கியில் வெட்டுக்காரர்களின் மேஸ்திரி கோபால் மண்டோர் கத்தினார். "ராஜுவ நாகம் கடிச்சிருச்சு! முப்பத்தேழு! முப்பத்தேழுக்கு உள்ள!"

மிசி பையோடு ஏறினார். முப்பத்தேழைத் தட்டினேன். அம்பு இடது என்றது, இடது. வலது என்றது, வலது. ஒரு சந்தில்கூட நான் தயங்கவில்லை. ஆனால் ஓடைக்கு மேலிருந்த மரப்பாலத்தை மழைத் தண்ணீர் மூடியிருந்தது. வண்டி அதற்கு மேல் ஒரு அடி போகாது.

"அண்ணே, கழட்டுங்க!"

கருவியை டேஷ்போர்டிலிருந்து பிடுங்கி, சைக்கிளில் டியூபைச் சுற்றினேன். மிசி முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக் கரையேறி, மறு நிமிஷம் ரோட்டு வளைவில் மறைந்துவிட்டார். நான் இந்தக் கரையில் நின்றேன். அவ்வளவு பயம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கையில் ஸ்டியரிங் இருந்தால் பயம் தெரியாது; சும்மா நிற்கும்போதுதான் தெரியும்.

அப்புறம் கேட்டது. டங், டங், டங். தொலைவில், மெலிதாக, விடாமல். சட்டென்று நின்றது. மிசி சேர்ந்துவிட்டார்!

நடந்ததை அவர் பிறகு சொன்னார். அம்பு காட்டிய பக்கம் போகப் போக முப்பத்தேழுக்குப் பக்கத்தில் சத்தம் காதில் விழுந்ததாம். அதற்குப் பிறகு கருவியைப் பார்க்கவே இல்லையாம். ராஜுவின் காலை அசையாமல் கட்டி, அடித்துக்கொண்டிருந்த அதே தள்ளுவண்டியில் அவனைக் கிடத்தி, நாலு பேர் ஓடைவரை கொண்டுவந்து தலைக்கு மேல் தூக்கிக் கடந்தார்கள். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். அதில் வெட்கம் என்ன?

இப்போது இளைய டிரைவர்கள் என்னிடம் எந்தக் கருவி நல்லது என்று கேட்கிறார்கள். கடையில் வைத்துத் திரையைப் பார்க்காதீர்கள். நீங்கள் ஓட்டுகிற ரோட்டில் கட்டிப் பாருங்கள், நனைத்துப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள். அது எதுவரை கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொண்டு, மிச்சத்துக்கு மனிதர்களை ஏற்பாடு செய்யுங்கள்.

ராஜு குணமாகி முதல் நாள் பெரட்டுக்கு வந்தபோது ஆம்புலன்ஸை ஓரமாக நிறுத்தி, மிசியும் நானும் இறங்கினோம். ராஜு குனிந்து தன் தள்ளுவண்டியில் ஓங்கி ஓர் அடி அடித்தான். பக்கத்திலிருந்தவன் அடித்தான். அப்புறம் வரிசை முழுக்க அத்தனை பேரும் அடித்தார்கள். பெரட்டுக் களமே அதிர்ந்தது. ஆபீஸிலிருந்து துரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"போதும்யா, போதும்! வண்டி எங்கயும் போவல!"