வியாழக்கிழமைத் தண்ணீர்

சகாயராணிக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த வருஷம் அது. அவள் வீடு தெருவின் கடைசி. தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டையும் நிரப்பிவிட்டு அவள் வாசலுக்கு வந்து சேரும்போது நூலாக ஒழுகும். ஒரு குடம் நிறைவதற்குள் நின்றும் விடும். மீதிக்கு மாதா கோயில் கிணற்றுக்குத்தான் நடக்க வேண்டும். தையல் ஆறாத வயிற்றோடு எப்படி நடப்பது என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வாரம் திடீரென்று அவள் வீட்டுக் குழாயில் விடிந்தும் விடியாமலும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நாற்பது நாளும் அப்படியே வந்தது. மாதா இரங்கிவிட்டாள் என்று மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

ஒரு வருஷம் கழித்துத்தான் பால்காரர் வயிரவன் வாயைத் திறந்தார். "மாதா வந்து வால்வு திருப்புனாகளாக்கும்? பொன்னுத்தாயி மத்த தெருவையெல்லாம் அடச்சுப்புட்டு ஒனக்கு மட்டும் கால் மணி நேரம் முன்னாடியே தொறந்து விட்டுச்சு. வெளிய சொன்னா எனக்குத் தண்ணி கெடையாதுன்னு மெரட்டல் வேற."

நன்றி சொல்லப் போன சகாயராணியிடம் பொன்னுத்தாயி முகத்தைக்கூடக் காட்டவில்லை. "வால்வு இறுகிக் கெடந்துச்சு, திருப்பிப் பாத்தேன். போ, போயி புள்ளையைப் பாரு."

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையோரத்தில் டவுன் பஸ் நின்று போகிற சின்ன ஊர் அது. ஆழ்குழாயில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது பொன்னுத்தாயியின் வேலை. முதலில் அது அவருடைய புருஷன் சின்னக்கருப்பின் வேலையாக இருந்தது. தொட்டி கழுவ ஏறியவர் ஏணி பெயர்ந்து விழுந்து செத்துப்போனார். காரியம் முடிந்த மறுநாளே பொன்னுத்தாயி பஞ்சாயத்து ஆபீசில் போய் நின்றார். "மொதல்ல ஏணியை மாத்துங்க. பெறகு வேலையை எனக்குத் தாங்க" என்றார். அந்த வரிசையிலேயே இரண்டும் நடந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பெரிய மேடமும், ஞானசேகர் என்கிற உதவியாளரும் ஜீப்பில் வந்தார்கள். நிலம் அதிர்வதற்கு முன்னால் அடியில் பாறை விரிசல் விடுமாம். தனித்தனியாகக் கிடந்த தண்ணீரெல்லாம் அதன் வழியே ஒன்றோடொன்று கலக்குமாம். அப்போது உப்பு ஏறலாம், இறங்கலாம், குமிழி வரலாம். கட்டாயம் வரும் என்று அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. வருமா வராதா என்று தெரிந்துகொள்ளத்தான் பல ஊர்களில் வாராவாரம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார்கள். இந்த ஊரில் அந்த வேலை பொன்னுத்தாயி கைக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட விட வேண்டும். வருகிற தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். பிறகு விளிம்பு வரை நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் மூடித் தேதி எழுத வேண்டும். சகாயராணி அதே நேரத்துக்குக் குடத்தோடு மோட்டார் அறைக்கு வருவாள். பூசையில் சாமியார் கிண்ணம் கழுவுகிற நிதானம் பொன்னுத்தாயி கையில் இருக்கும். "நாலாந்தடவையும் அலசிறவேண்டியதுதான, என்ன கொறைஞ்சுபோச்சு?" என்று அவள் கேலி செய்தால், "மூணுன்னா மூணு. நீ ஜெபமாலையில அம்பத்திமூணு மணிக்கு மேல ஒண்ணு கூட்டிச் சொல்லுவியா?" என்று பதில் வரும்.

மகள் கல்யாணம் ஒரு வியாழக்கிழமையில் விழுந்தது. பட்டுச்சேலையோடு வந்து பாட்டில் பிடித்துவிட்டுத்தான் பொன்னுத்தாயி மண்டபத்துக்குப் போனார்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கின வாரம், பிடித்த தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்த பொன்னுத்தாயி துப்பினார். "ராணி, நீ குடிச்சுப் பாரு."

கரித்தது. பாட்டிலுக்குள் சோடா மாதிரிப் பொடிப் பொடியாகக் குமிழி ஏறியது. கவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்தாலும் அப்படித்தான். பொன்னுத்தாயி நோட்டில் எழுதினார்: 'கரிப்பு. குமிழி நிக்கலை.' அடுத்த வாரமும் எழுதினார். மூன்றாம் வாரம் ஞானசேகருக்குப் போன் போட்டார்.

அவர் அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் வந்தார். உப்பு அளக்கிற மீட்டரை மூன்று பாட்டிலிலும் விட்டுப் பார்த்தார். முகம் சுளித்தது.

"என்னம்மா இது? ஒன்றரை மடங்கு ஏறிக் கெடக்கு. பாட்டில்ல என்னத்தக் கலந்தீக?"

"நான் ஏன் சார் கலக்கப்போறேன்? கெணத்துல இருந்து வர்றதே அப்படித்தான் வருது."

பக்கத்தில் குடத்தோடு நின்ற சகாயராணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நல்லது சொல்லுகிறோம் என்றுதான் நினைத்தாள். "நம்ம அந்தோணியார் திருவிழாவுல மந்திரிச்ச உப்பு குடுத்தாக சார். தண்ணி வத்திறக் கூடாதுன்னு ஒரு கை அள்ளிக் கெணத்துல போட்டேன்."

அவள் போட்டது மாதா கோயில் கிணற்றில். இரண்டு தெரு தள்ளி இருக்கிற திறந்த கிணறு அது. இந்த ஆழ்குழாய்க்கோ இரும்பு மூடியும் பூட்டும் உண்டு. அதைச் சொல்ல அவள் அடுத்த மூச்சு எடுப்பதற்குள் ஞானசேகர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சாமி உப்பா! கெட்டுச்சு போங்க. மேடத்துக்கிட்ட இதைச் சொன்னா எம்மூஞ்சியில துப்புவாக." நோட்டை வாங்கி, உப்புக் கலந்த தண்ணீர் என்று எழுதினார். பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மூன்றையும் வேப்பமரத்தடியில் கவிழ்த்தார்.

"சார், ஊத்தாதீக! ஒரு கை உப்பு எந்தக் கெணத்துல விழுந்தா என்ன? நானூறடிக்குக் கீழ இருந்து வர்ற தண்ணி கரிச்சிருமா? நீங்க படிச்சவுகதான?"

"படிச்சதுனாலதாம்மா ஊத்துறேன்."

சகாயராணி நின்றுகொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். கோயில் கிணறு. ஆனால் படித்தவர்கள் சிரித்துவிட்டால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். மண் தண்ணீரைக் குடித்தது. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. பொன்னுத்தாயி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்று நாள் கழித்து, ஞாயிறு காலைப் பூசை. நடுவில் பீடத்து மணி யாரும் தொடாமல் கிணுகிணுத்தது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காலுக்கடியில் சிலிர்த்தது. அவ்வளவுதான், எண்ணி நாலு நொடி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு சுவரில் மயிரிழை விரிசல் விழுந்தது, மோட்டாரில் தண்ணீர் கலங்கலாக வந்தது. லேசான நில அதிர்வு என்று மத்தியானம் டிவியில் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை பெரிய மேடமே காரில் வந்து இறங்கினார். மற்ற ஊர் பாட்டில்களில் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றம் இல்லை. இந்த ஊர் நோட்டில் மட்டும் அதிர்வுக்கு முந்தின மூன்று வாரமும் கரிப்பு, குமிழி என்று எழுதியிருந்தது. ஆறு வருஷம் எதற்காகக் காத்திருந்தார்களோ அது இந்த மூன்று பாட்டிலில் இருந்திருக்கலாம்.

மேடம் நோட்டைக் கேட்பதற்கு முன்னால், தொட்டியைப் பார்க்கப் போன நேரத்தில் ஞானசேகர் பொன்னுத்தாயியை மோட்டார் அறைக்குப் பின்னால் கூப்பிட்டார். குடம் வைக்க வந்த சகாயராணி சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

"யம்மா, ஒரு ஒத்தாசை. இப்பவும் கரிப்பாத்தான வருது? மூணு பாட்டில் புடிச்சு அந்தப் பழைய தேதிய எழுதிருங்க. நான் எழுதுன பக்கத்தைக் கிழிச்சிருவோம். ஒங்களுக்கும் நல்ல பேரு, எனக்கும் பொழப்பு நிக்கும்."

"ஒங்க புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா நேத்தைக்கு எடுத்த ரத்தத்துக்குப் பதிலா இன்னைக்கு எடுத்துத் தேதிய மாத்துவீகளா?"

"அது வேற, இது வேற."

"எது வேற? குடிக்கிற தண்ணி வேறயா? கலங்கறதுக்கு முந்தித் தண்ணி, கலங்குன பெறகு தண்ணி, ரெண்டும் ஒண்ணுன்னா ஆறு வருஷமா என்ன மயித்துக்குய்யா வியாழக்கெழமை வியாழக்கெழமை என்னைய ஓட விட்டீக?"

பொன்னுத்தாயி வாயில் கெட்ட வார்த்தை வந்து சகாயராணி கேட்டது அன்றுதான். சத்தம் கேட்டு மேடம் வந்தார். ஞானசேகர் கண் இமைக்காமல் சொன்னார்: "இவுகதான் மேடம் கெணத்துல உப்புப் போட விட்டாக. அந்தா நிக்கிறாகளே, அந்தம்மாவே ஒத்துக்கிட்டாக."

எல்லாரும் திரும்பினார்கள். சகாயராணி குடத்தை இறக்கி வைத்தாள். "அது கோயில் கிணறு மேடம். இது இல்ல. அங்குட்டு, ரெண்டு தெரு தள்ளி. பொன்னுத்தாயி அக்காவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மேடம் அவளை உற்றுப் பார்த்தார். "இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

சகாயராணி குனிந்து குடத்தை எடுத்தாள். பின்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அந்தக் கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாசம் கழித்து, காரைக்குடியில் காலேஜ் படிக்கிற சகாயராணியின் மகள் அபி, கல்லூரிக்காரர்களின் அறிக்கையைப் போனில் தேடி எடுத்து, மோட்டார் அறையில் பொன்னுத்தாயிக்குத் தமிழில் சொன்னாள். அறுவைச் சிகிச்சையில் பிறந்த அதே பிள்ளை. 'மாதிரி எடுப்பவரின் கவனக்குறைவால் மூன்று வார மாதிரிகள் கிடைக்கவில்லை.' ஞானசேகர் ஊற்றியது அதில் இல்லை. பழைய தேதி போடச் சொன்னதும் இல்லை.

பொன்னுத்தாயி அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "அதைப் பெரிசா எடுத்துக்காதீங்கம்மா. உங்க பேரு அதுல எங்கயுமே இல்லையே."

"பேரு எதுக்குங்க? இந்த ஊருல தண்ணி புடிச்சவ நான் ஒருத்திதான? முந்நூறு வியாழக்கெழமை. ஒரு வாரம் தப்பலை. கவனக்கொறவுங்கிறீக. அந்த ஒரு வரியை எடுங்க."

அறிக்கை அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார் மேடம். அவரும் நல்லவர்தான், வருத்தமாகத்தான் பேசினார். தப்பை ஊற்றிக் கவிழ்ப்பதற்குக் கீழே ஒரு இடம் வேண்டியிருந்தது. படிக்காதவர் தலை அதற்கு வாகாக இருந்தது. வேறென்ன?

விஷயம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனது. கல்லூரிக்காரர்களே கவனமில்லாதவர் என்று எழுதின பெண்ணின் கையில் ஊர்த் தண்ணீரை விடலாமா என்று கேட்டார் அங்கிருந்த எழுத்தர். ஏணியை மாற்றச் சொன்ன கோபம் அவருக்கு இத்தனை வருஷமாக ஆறாமல் இருந்தது. சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

பொன்னுத்தாயி சாவியை மேசையில் வைத்தார். "நான் சுத்தமாத்தான் தண்ணி விட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போறேன்" என்றார். சாயங்காலம் வரை அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் எழுதவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே திருப்பத்தூரில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு பையும் அந்த நோட்டும்தான் கையில் இருந்தன. ஆவணியில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். சகாயராணி அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் ஊரைவிட்டுக் கிளம்பின அன்று பஸ் நிறுத்தத்தில்தான்.

பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அழுதுகொண்டே கையைப் பிடிக்கப் போனாள். "நான் போட்ட உப்புனாலதானக்கா எல்லாம். என்னைய மன்னிச்சிரு."

பொன்னுத்தாயி கையை உருவிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் இல்லை, அவ்வளவும் நெருப்பு. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"உப்புப் போட்டதுல எனக்குக் கோவமில்ல ராணி. நீ சாமிய நம்பிப் போட்டே. அவன் பாட்டிலைக் கவுத்துனப்ப பக்கத்துலயே வாயை மூடிக்கிட்டு நின்னே பாரு, அதுலதான். இன்னொரு நாளைக்கு எவனாச்சும் தண்ணியைக் கீழ ஊத்த வந்தான்னா, அப்பப் புடி கைய. எங்கைய இல்ல, அவன் கைய."