குஞ்சம்மாள் இங்கேதான் வேலை செய்தாள்

ரஞ்சனி வரலாற்று ஆராய்ச்சி செய்கிறவள் என்று சொன்னால், சேலத்தில் பாதிப்பேர் எந்த ராஜா, எந்தக் கோட்டை என்று கேட்பார்கள். ராஜாக்களோடு அவளுக்கு ஒரு ஜோலியும் கிடையாது. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்த பெண்கள், புருஷன் போர்க்குழாய் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டால் குடும்பத்தை இழுத்துப் பிடித்த பெண்கள், கிழங்கு சீவிய பெண்கள். இருபத்தைந்து வருஷமாக இவர்கள்தான் அவள் படிப்பு. எவளைப் பார்க்கப் போனாலும் பேரைக் கேட்கும் முன்னால் கையைத்தான் பார்ப்பாள்.

காரணம் அவளைப் பெற்றவள். குஞ்சம்மாள் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவினாள். தொண்ணூற்றிரண்டு தை மாசம், அரைக்கிற மிஷினில் கிழங்கு தள்ளுகிற ஆள் வரவில்லை என்று முதலாளி அர்த்தநாரி அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். வலது கையில் நாலு விரல் போயிற்று.

தொழிலாளர் ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தார்கள். "அந்தப் பேருல எங்கிட்ட ஆரும் வேலை செய்யலீங்களே. மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கறப்ப ஊட்டுல வெட்டிக்கிட்டிருப்பா" என்றார் அர்த்தநாரி. வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு. கூட வேலை பார்த்த பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதிமூணு வயசு ரஞ்சனி ஆலை வாசலில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அவள் படித்தாள். வேறு புண்ணிய நோக்கமெல்லாம் ஒன்றுமில்லை. ஜவ்வரிசி ஆலைப் பெண்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு எழுதியபோது அம்மாவுக்கு நடந்ததையும் ஒரு பக்கம் எழுதினாள். வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்தார். "அங்க வேலை செஞ்சாங்கன்னு சான்று எங்கேம்மா? உங்கம்மா சொல்றாங்க, அந்தாளு இல்லைங்கறாரு." அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் அவளுக்கு ஆறவேயில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுத்தான் பட்டம் வாங்கினாள்.

போன வருஷம் அவள் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஒரு கார் வந்தது. எண்பது வயசு அர்த்தநாரி இறங்கினார். "எங்க ஆலைக்கு அம்பது வருசம் ஆச்சுங்க மேடம். பொன்விழா மலர் ஒண்ணு போடோணும். கிழங்கு, ஜவ்வரிசின்னா நீங்கதான் எழுதோணும்னு சொன்னாங்க." எதிரில் இருப்பவள் யார் மகள் என்று அவருக்குத் தெரியாது. குஞ்சம்மாள் வீட்டுப் பக்கம் என்றைக்கு எட்டிப் பார்த்தார், தெரிந்துகொள்ள?

"சரிங்க, எழுதறேன்" என்றாள் ரஞ்சனி.

அந்த ஆலையில் ஒரு வழக்கம். ஆயுத பூஜையன்று மிஷின்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எல்லோரையும் மிஷினுக்கு முன்னால் உட்கார வைத்துப் போட்டோ எடுப்பார்கள். ஆலை பேரையும் வருஷத்தையும் ஒரு பலகையில் எழுதி முன்னால் வைப்பார்கள். அப்பன் ஆரம்பித்ததை மகன் அர்த்தநாரி ஒரு வருஷம் விடவில்லை. அவ்வளவு படத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தவர், தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணையும் உடாதீங்க மேடம், அத்தனையும் போட்டுருங்க."

தொண்ணூற்றொன்றாம் வருஷப் படத்தில், தரையில் உட்கார்ந்த வரிசையில் குஞ்சம்மாள் இருந்தாள். மடியில் இரண்டு கை, பத்து விரல். அவளுக்கு நேர் பின்னால் நாற்காலியில் அர்த்தநாரி.

"வசமா மாட்டுனய்யா நீ" என்றாள் ரஞ்சனி, தனியாக உட்கார்ந்து. அப்புறம் அழுதாள்.

படத்திலிருந்த பெண்களைத் தேடிப் போனாள். மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். அதில் பாப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வாயத் தொறக்கலீங் சாமி. இப்ப என்னைய எவன் வேலைய உட்டு நிறுத்துவான்? எழுதிக்க."

அச்சுக்குப் போகும் முன்னால் முழுசையும் அர்த்தநாரியிடம் கொடுத்து, ஒருதரம் படித்துவிடச் சொன்னாள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் சொன்னாள். அவர் படங்களை மட்டும் புரட்டினார். "எங்கப்பாரு படம் மொதப் பக்கத்துல வருதுங்களா? அப்பச் செரி" என்று கையெழுத்துப் போட்டார். இதற்குமேல் அவள் என்ன செய்ய முடியும்?

ஆயுத பூஜையன்று பந்தலில் நானூறு பேர். பொரிப் பொட்டலத்தோடு ஆளுக்கொரு மலர். நடுப்பக்கத்தில் அந்தப் படம், குஞ்சம்மாளைச் சுற்றி ஒரு வட்டம். கீழே மிஷின் விரலைத் தின்ற கதை, பாப்பாயி சொன்னது, விசாரணையில் அர்த்தநாரி சொன்னது எல்லாம் வரிக்கு வரி. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தொழிலாளர் துறை அதிகாரி படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இந்தம்மாவத் தெரியாதுன்னா சொன்னீங்க?"

அர்த்தநாரி அப்போதுதான் படித்தார். மலர்களைத் திருப்பி வாங்கச் சொன்னார். யார் கொடுப்பார்கள்? ஆலைப் பெண்கள் ஏற்கெனவே பைக்குள் வைத்துவிட்டார்கள்.

ரஞ்சனியிடம் வந்து நின்றார். "நீ ஆரு மவ?"

"குஞ்சம்மா மவளுங்க."

ரஞ்சனி வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டில் அம்மாவிடம் மலரை விரித்துக் காட்டினாள். குஞ்சம்மாள் படத்தைப் பார்க்கவேயில்லை.

"அவன் மூஞ்சி எப்படி சாமி இருந்துச்சு?"

முகம் வெளுத்தது, உதடு காய்ந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது, பந்தலில் ஒருத்தரும் கிட்டப் போகாதது எல்லாவற்றையும் ரஞ்சனி சொன்னாள். குஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள். "மொதல்லருந்து, மெதுவாச் சொல்லு."