பனங்கட்டி போட்ட சந்தேஷ்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டு மூன்று வாசகர்கள் ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு ஸ்வீட் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஸ்வீட் செய்ய ஒரு வாரமா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு வாரம். அதுவும் கடைசியில் சரியாக வரவில்லை...

என் கணவர் சுபீர் வங்காளி என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அவருடைய அப்பாவைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. எழுதும்படி எங்களுக்குள் பெரிதாக எதுவும் இருந்ததில்லை என்பதுதான் காரணம்.

கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் வீட்டுக்கு முதல்முறையாகப் போனேன். காலையில் அவரே கடைக்குப் போய் மண் கலயத்தில் சந்தேஷ் என்ற பால் இனிப்பு வாங்கிவந்தார். எண்ணி நான்கு. அவர், மாமியார், சுபீர், சுபீரின் தங்கை. சாப்பாட்டு மேஜையில் ஐந்தாவதாக நான் உட்கார்ந்திருந்தேன். மாமியார் தன்னுடையதை இரண்டாகப் பிட்டுப் பாதியை என் தட்டில் வைத்தார்.

மறந்து வாங்கினாரா, நினைத்து வாங்கினாரா? பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

மாமியார் போனபிறகு அவர் கல்கத்தாவில் தனியாக இருந்தார். போன வருஷம் எங்களோடு இருக்க இங்கே, லாசாலுக்கு வந்துவிட்டார். ஜனவரியில் ஒரு நாள் காலை, காலணி மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வலது கையில் அசைவு இல்லை, சரியாக விழுங்க முடியவில்லை, ஆங்கிலமும் இல்லை. முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மொழி துடைத்துவிட்ட மாதிரிப் போய்விட்டது. எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே பொது மொழி அதுதான்.

வங்காள மொழியில் ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. "தாக்." இருக்கட்டும், விடு என்று அர்த்தம். சாப்பிடுங்கள் என்றால் தாக். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் தாக். மகன் போனில் இருக்கிறான் என்றால் அதற்கும் தாக்.

சுபீருக்கு ஒட்டாவாவில் வேலை. திங்கட்கிழமை காலை போனால் வெள்ளி மாலைதான் வருவார். நான் ஆபீஸில் நீண்ட லீவு போட்டேன். விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்த பிரெஞ்சுக்காரப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எதுவாக இருந்தாலும் மிக்ஸியில் அடித்து, கட்டி இல்லாமல், யோகர்ட் பதத்தில்தான் கொடுக்க வேண்டும். பருப்புச் சாதம், மீன், பூசணிக்காய், ஆப்பிள் — எல்லாவற்றையும் அடித்தேன். கிண்ணம் கிண்ணமாக விதவிதமான நிறத்தில் கூழ். இரண்டு ஸ்பூன். அப்புறம் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும்.

தினமும் மத்தியானம் ஒட்டாவாவிலிருந்து போன் வரும். "அப்பா சாப்பிட்டாரா?"

பதில் சொல்லிச் சொல்லி, போன் மணி அடித்தாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்து எடை பார்த்தாள். நாற்பத்தாறு கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஐம்பத்திரண்டு. "மேடம், இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம். இப்படியே போனால் வயிற்றில் குழாய் வைப்பது பற்றி டாக்டர் உங்களிடம் பேசுவார்" என்றாள், காகிதத்தில் எழுதியபடியே. சுபீர் அந்த சனி, ஞாயிறு முழுக்க அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போகவில்லை.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் மூன்றாவது ஸ்பூன் நீட்டியபோது அவர் இடது கையால் தட்டிவிட்டார். மஞ்சள் கூழ் என் சட்டையில், போர்வையில், தரையில். நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, தமிழில், மெதுவாகத்தான் சொன்னேன். "சாப்பிடாட்டி போங்க. எனக்கென்ன வந்தது? நான் யாரு உங்களுக்கு?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரலுக்கு மொழி ஏது? என்னையே பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். தரையைத் துடைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குச் சுபீர் போன் செய்தபோது வேறு கேள்வி கேட்டேன். "அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

யோசிக்கக்கூட இல்லை. "சந்தேஷ். குளிர்காலத்தில ஈச்ச வெல்லம் போட்டது. தினமும் காலேஜுக்குக் கிளம்பும்போது நின்னுகிட்டே ஒண்ணு சாப்பிடுவார்."

சந்தேஷ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலை வேண்டுமென்றே திரித்து, தண்ணீரை வடித்து, அந்தத் திரளை வெல்லத்தோடு கிளறி, அச்சில் அழுத்தி எடுப்பார்கள். திருச்சியில் எங்கள் வீட்டில் பால் திரிந்தால் அது அபசகுனம். அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கிளறி "இன்னிக்குத் திரட்டுப்பால்" என்று அறிவித்துவிடுவார். "என்ன விசேஷம்?" என்று அப்பா கேட்பார். "விசேஷம் இருந்தாத்தான் செய்யணுமா?" என்பார் அம்மா. எத்தனை அபசகுனங்களை நாங்கள் ருசித்துச் சாப்பிட்டோமோ தெரியாது. அங்கே வங்காளத்தில் பால் திரியாவிட்டால்தான் கவலை.

எனக்குப் பால் திரிக்கப் பொறுமை இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் ரிக்கோட்டா சீஸ் கிடைக்கிறது. கிட்டத்தட்ட அதே திரள்தான். ஈச்ச வெல்லத்துக்கு எங்கே போவது? இந்த ஊரில் இனிப்பு என்றால் மேப்பிள் சிரப். செவ்வாய்க்கிழமை அதை ஊற்றிக் கிளறினேன். வீடு முழுக்க பான்கேக் வாசனை. நான் சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அவர் உதட்டில் பட்டதும் "தாக்" என்றார்.

புதன்கிழமை மலர் அக்கா வந்தார். கீழ் வீட்டில் இருப்பவர், யாழ்ப்பாணம். ஒரு லாண்டரி ஃபேக்டரியில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் என் மாமனாரோடு ஒரு மணி நேரம் இருப்பார். நான் கடைக்குப் போய்வருவதற்காக.

"என்ன பிள்ளை, முகம் செத்துப்போய்க் கிடக்கு. நித்திரை இல்லையோ?"

கதையைச் சொன்னேன். ஈச்ச வெல்லம் என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"எங்களிட்டைப் பனங்கட்டி இருக்கு. மச்சாள் போன மாசம் ஊருக்குப் போட்டு வந்தவ, அவ கொண்டுவந்தது. ஈச்சையும் பனையும் ஒரே சாதிதானே. சரிவருமோ?"

"தெரியலை அக்கா. வேற வழியும் தெரியலை."

கீழே போய், பனையோலையில் பின்னிய இரண்டு சின்னக் குட்டான்களைக் கொண்டுவந்தார். ஓலையைப் பிரித்தால் உள்ளே கறுப்பாகப் பனங்கட்டி, நம் ஊர்க் கருப்பட்டி மாதிரி. புகையும் உப்பும் லேசாகக் கலந்த மாதிரி ஒரு வாசனை.

வியாழக்கிழமை காலை பனங்கட்டியை உடைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன், தண்ணீர் கூடிவிட்டது. ரிக்கோட்டாவும் சரியாக வடியவில்லை. கிளறுகிறேன், கிளறுகிறேன், இறுகவே இல்லை. அச்சு வேறு வாங்கிவைத்திருந்தேன், சங்கு வடிவத்தில். அதில் போட்டுத் தட்டினால் தட்டில் பழுப்பாக ஒரு குட்டை. மலர் அக்கா ஷிப்ட் முடிந்து மேலே வந்தபோது நான் வாணலியைக் குப்பைத்தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உந்தச் சந்தேஷை ஏன் எறியிறீர்?"

"கெட்டுப்போச்சு அக்கா. இறுகலை."

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இறுகினாப் பிறகு என்ன செய்யப்போறீர்?"

"கொஞ்சம் பால் விட்டு மிக்ஸியில..." சொல்லி முடிக்கவில்லை. எனக்கே கேட்டது, நான் சொல்வது.

மலர் அக்கா சிரிக்கவில்லை. வாணலியை என் கையிலிருந்து வாங்கி அடுப்பில் வைத்தார். "உவர் சாப்பிடவேணும் எண்டு செய்யிறீரோ, இல்லை, வடிவா வரவேணும் எண்டு செய்யிறீரோ?"

சங்கு வடிவத்தில் தட்டில் வைத்து நீட்ட வேண்டும், அவர் அதைப் பார்க்க வேண்டும், இந்த மெட்ராஸ் பெண்ணுக்கும் (திருச்சி என்றாலும் அவருக்கு மெட்ராஸ்தான்) செய்ய வரும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்... மூன்று நாளாக என்னைக் கிளற வைத்தது அதுதானோ? பாதி அதுதான். மீதிப் பாதி திங்கட்கிழமை நான் சொன்ன வார்த்தைகள்.

சல்லடையில் தேய்த்து எடுத்தோம். யோகர்ட் பதம். அந்தப் பிரெஞ்சுக்காரப் பெண் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பாள்.

மலர் அக்கா தலையணையை முட்டுக்கொடுத்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். நான் ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகுமுன் அவர் மூக்கு அசைந்தது. வாயைத் திறந்தார். ரொம்ப நேரம் உள்ளேயே வைத்திருந்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கியது. இருமல் இல்லை.

இரண்டாவது. மூன்றாவது. ஒன்பது ஸ்பூன் போனது. கிண்ணத்தை வழிக்கும்போது அவர் இடது கையைத் தூக்கினார். தட்டிவிடப் போகிறார் என்று கிண்ணத்தைப் பின்னால் இழுத்தேன்.

தட்டவில்லை. என்னைப் பார்த்து, நாக்கு குழற, ஆனால் ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

"மிஷ்டி பேஷி ஹொயே கெச்சே."

எனக்கு அவ்வளவு வங்காளம் தெரியும். இனிப்பு கூடிப்போச்சு.

"என்னவாம்?" என்றார் மலர் அக்கா.

"இனிப்பு ஜாஸ்தியாம்."

"ஓம், உண்மைதான்" என்றார் அக்கா. "நானும் சொல்லலாம் எண்டு நினைச்சனான்."

நான் அந்தக் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும். போன் மணி அடித்தது. எடுத்து, சுபீர் வாயைத் திறக்குமுன் அந்த வாக்கியத்தை அப்படியே, என் தமிழ் உச்சரிப்பில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன். போகவில்லை.

மறுநாள் நர்ஸ் வந்தாள். எடை ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை அரை கிலோ ஏறியிருக்கிறது. குழாய்ப் பேச்சு தள்ளிப்போயிருக்கிறது — நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் அடுத்த மாதம் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் திறந்துவிட்டதல்லவா? பருப்பில் உப்பு இல்லை. மீனில் கடுகு போடவில்லை. பூசணிக்காய் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வேளையும் ஒரு குறை, ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சொல். இன்று காலை சந்தேஷில் பனங்கட்டியைப் பாதியாகக் குறைத்துப் போட்டேன். இனிப்பு போதவில்லையாம்.

எனக்குக் களைப்பாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே கண் சொருகுகிறது. ஆனால் ஒன்று புரிந்துவிட்டது.

ஒருவர் நம் சமையலில் குறை சொல்கிறார் என்றால், நாளைக்கும் சாப்பிடுவதாக இருக்கிறார்.