எடுக்கிறோம், எடுத்தோம்

1. மணி அடிக்கிறவன்

மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆய்வுகூட உதவியாளர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. ஸ்டொப் வொச் ஆய்வுகூடத்தில் மட்டும்தான் இருந்ததால், விவாதப் போட்டிகளில் நேரம் பார்க்கிற வேலையும் என்னிடம் வந்தது. நாலாவது நிமிடம் ஒரு மணி, ஐந்தாவது நிமிடம் இரண்டு மணி. பதினெட்டு வருடம் அடித்தேன். மேடைக்குப் பக்கத்தில் இருந்தாலும் நான் வாய் திறக்கத் தேவையில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

விவாதம் பழக்குகிற ரீச்சர் இடமாற்றத்தில் போனபோது பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார்.

"நீர்தானே எல்லா விவாதத்தையும் முன்னாலை இருந்து கேட்டனீர். பிள்ளையளைப் பழக்கும்."

"எனக்குக் கதைக்க வராது சேர்."

"கதைக்கப் போறது பிள்ளையள். நீர் சொல்லிக் குடுத்தால் காணும்."

அதுவரை 'அண்ணை' என்று கூப்பிட்ட பிள்ளைகள் அடுத்த நாள் 'சேர்' என்றார்கள். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது.

2. சிவப்புப் பேனை

தலைப்பு: 'தீபாவளிக் கொள்வனவு குடும்ப மரபைக் காக்கிறது.' நாணயம் சுண்டியதில் எங்களுக்கு ஆதரிக்கிற பக்கம் விழுந்தது. போட்டிக்கு ஒரு கிழமை இருந்தது.

"மரபைக் காக்குதோ? தீபாவளி வருது எண்டாலே எங்கடை அப்பா தோட்டத்துக்குள்ளை ஒளிச்சிடுவார் சேர்" என்றான் குகன்.

"உந்தக் கதையைத்தான் எதிரணி தேடிக்கொண்டிருக்கு. வாயை மூடடா" என்றாள் அணித்தலைவி தாரணி. எல்லோரும் சிரித்தோம்.

பெரிய வசனங்கள் வேண்டாம், வீட்டில் உடுப்பு எடுக்கப் போனால் என்ன நடக்கும் என்று எழுதுங்கோ என்றேன். தாரணி எழுதிவந்தாள்: 'எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதலில் அப்பாவுக்குச் சாரம் எடுக்கிறோம். இடுப்பில் கட்டுகிறது, நீலக் கட்டம் போட்டது. அதன் பிறகுதான் அம்மாவுக்கும் எனக்கும்.'

தாரணியின் வீடு மயிலிட்டியில். மூன்று வருடத்துக்கு முன் கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். நான் 'எடுக்கிறோம்' என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டி 'எடுத்தோம்' என்று எழுதினேன். ஓரத்தில் 'காலப் பிழை' என்றும் போட்டேன். படிக்கிற காலத்தில் என்னுடைய கட்டுரைகள்தான் சிவப்பாகத் திரும்பி வரும். நானும் ஒரு பிழை பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தாரணி தாளைப் பார்த்தாள். "ஓம் சேர்" என்றாள்.

3. மண்டபத்தில்

போட்டிக்குத் தாரணியின் அம்மா வந்து மூன்றாவது வரிசையில் இருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

தாரணி நன்றாகப் பேசினாள். 'முதலில் அப்பாவுக்குச் சாரம் எடுத்தோம்' என்றபோது அம்மா தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். பிறகு குனிந்தவர் முடியும்வரை நிமிரவில்லை.

நாங்கள் வென்றோம். குகன் சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தரச்சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அம்மா மகளிடம் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது.

"நீயும் அப்பா வரமாட்டார் எண்டு நினைச்சிட்டியோ?"

சேர்தான் மாற்றினவர் என்று தாரணி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம்தான். ஸ்டொப் வொச்சைக் கையில் பிடித்துக்கொண்டு குகனுக்குப் பின்னால் போனேன்.

4. மயிலிட்டி

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் தாரணி ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா இந்தமுறை சாரம் எடுக்கேல்லை சேர்."

குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தத் தாள் என் கோவையில் இருந்தது. சனிக்கிழமை பஸ் ஏறி அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க ஒரே வசனத்தைப் பாடமாக்கினேன். அங்கே போனதும் அதுவும் வரவில்லை. தாளை நீட்டினேன்.

"பிள்ளை எழுதினது எடுக்கிறோம் எண்டுதான். வெட்டினது நான்."

தாரணியின் அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்து மூன்று சாரங்களைக் கொண்டுவந்து கதிரையில் வைத்தார். எல்லாம் நீலக் கட்டம். கடை ஸ்ரிக்கர்கூட உரிக்கவில்லை.

"நீங்கள் திருத்தினது சரிதானே சேர்" என்றார்.

குசினி வாசலில் நின்ற தாரணி சொன்னாள்: "நான் எழுதினதும் பிழை இல்லை, அம்மா."

அம்மா சாரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

விவாதம் பழக்க வருகிற இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். பிள்ளை எழுதியதை வெட்ட முன்னம், ஏன் இப்படி எழுதினாய் என்று கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூடப் போகாது. இத்தனை வருடம் நேரம் பார்த்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.