டீட்டர் எட்டிப் பார்த்த நோட்டு

ஸ்கோர் எழுதுகிறவனை மைதானத்தில் ஒருவரும் நம்புவதில்லை. எழுதியவர்களுக்குத் தெரியும், விளக்க வேண்டாம். நான் எழுதியது பேஸ்பால். ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே ஊரில், அறுபதுகளின் கடைசியில். சம்பளம் கொடுத்து ஆடவைத்த முதல் பருவம். முடிவில், அடிப்பவர்கள் பட்டியலில் முதலில் நிற்பவனை ஓர் அமெரிக்க அணி பயிற்சிக்கு அழைத்துப்போகும். பட்டியல் என் கையில்.

என்னை எடுத்த காரணம்

நான் மெஷின் டிசைன் படிக்க வந்தவன். எந்த அணிக்கும் வேண்டியவன் இல்லை. கணக்குப் போட ஸ்லைடு ரூல் இருந்தது. போட்டியை நடத்தியவர்கள் போதும் என்றார்கள். விதிப் புத்தகம் ஒன்றும் தந்தார்கள். ஸ்கோர் எழுதும் பகுதியை நான் புரட்டவே இல்லை. கோயம்புத்தூரில் மூன்று வருஷம் கல்லூரி கிரிக்கெட்டுக்கு எழுதியவன், எனக்கு என்ன சொல்லித்தருவது? செயலாளர் கை குலுக்கினார். "இங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லையே? அப்படியே இருங்கள்."

பிளம் கேக்

முதல் இடத்துக்கு இரண்டு பேர். டீட்டர், டிராம் ஓட்டுகிறவன். வில்லி, தபால்காரன். ஒரு ஞாயிறு வில்லியின் அம்மா என் மேஜையில் பிளம் கேக் வைத்துவிட்டுப் போனாள். பசி. தின்றேன். அன்று பார்த்து வில்லி இரண்டு முறை நன்றாக அடித்தான். எழுதினேன். வேலியோரம் நின்ற கூட்டம் என் வாயையே பார்த்தது. டீட்டரின் மனைவி வந்து தட்டை எட்டிப் பார்த்தாள். "மூன்றாவது துண்டு தின்றால் மூன்றாவது அடியும் எழுதுவீர்களோ?"

அடுத்த வாரம் தொடவில்லை. வில்லியின் அம்மா தட்டை எடுத்துக்கொண்டாள். "ஏன், அந்தப் பக்கம் இதைவிட நல்ல கேக்கா?"

தோளுக்குப் பின்னால்

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் டீட்டர் என் பின்னால் வந்து நிற்பான். நோட்டைப் பார்ப்பான். சிரிப்பான். போய்விடுவான். எதையோ திருத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பென்சிலை விட்டுப் பேனாவுக்கு மாறினேன். நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். அறைத் தோழன் ஜோசப், பாளையங்கோட்டைக்காரன், பார்த்துவிட்டான். "ஏல, அது நோட்டா, பொண்டாட்டியா?"

ஜோசப்பின் காய்ச்சல்

ஆட்டங்கள் முடிந்தன. டீட்டர் முதல், வில்லி இரண்டாவது. ஞாயிறு பட்டியலைக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜோசப் காய்ச்சலில் படுத்தான். படிக்க ஒன்றும் இல்லாமல் என் விதிப் புத்தகத்தை எடுத்தான். "ஏல, கைக்கு வந்த பந்தை ஃபீல்டர் கோட்டைவிட்டா, அடிச்சவன் கணக்குல சேக்கக் கூடாதாம்ல. நீ சேத்தியா?"

சேர்த்திருந்தேன், பருவம் முழுக்க. கிரிக்கெட்டில் கேட்சை விட்டாலும் ஓட்டம் அடித்தவனுக்குத்தானே. நல்லவேளை, யார் விட்டது என்று ஓரத்தில் குறித்திருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். வில்லி முதல். டீட்டர் ஐந்தாவது. ஜோசப் போர்வையை இழுத்துக்கொண்டான். "பேசாம விட்டுரு. யாருக்குத் தெரியப்போவுது?"

ஞாயிறு

புதுப் பட்டியலைக் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்றேன். டீட்டரின் ஆட்கள் "கேக்! கேக்!" என்று கத்தினார்கள். வில்லி தொப்பியை வீசினான். டீட்டர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜோசப், காய்ச்சல், புத்தகம், எல்லாம் சொன்னேன். அவன் நிமிரவில்லை. "எனக்கு மே மாதமே தெரியும். இன்னும் கண்டுபிடிக்கவில்லையே என்று வாராவாரம் வந்து பார்த்தேன். உன் நண்பனுக்குக் காய்ச்சல் ஒரு வாரம் கழித்து வந்திருக்கலாம்."

ஊரே கேக்கைச் சந்தேகப்பட்டது. புத்தகத்தைப் புரட்டாத என்னைச் சந்தேகப்பட ஒருவனுக்குத்தான் தோன்றியது, அவனும் வாயைத் திறக்கவில்லை.